பெயர் வரும் இடத்தில் நின்றுபோன விசைப்பலகை

ஒலிப்பதிவில் அந்த அம்மாவின் குரல் தாழும் இடம் எனக்கு இன்றும் மனப்பாடம். பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். தன்னைத் தொல்லைப்படுத்திய மேற்பார்வையாளரைப் பற்றிக் கண்டியிலுள்ள எங்கள் சிறிய உதவி அலுவலகத்துக்கு வந்து சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. மறுவாரம் விசாரணை. எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னவர், ஆளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சரியாக அந்த இடத்தில்தான் மடிக்கணினியின் விசைப்பலகை உறைந்துபோகும். ஓர் எழுத்தும் விழாது. அணைத்துத் திரும்பப் போட்டால் சேமிக்காத பக்கம் போயிருக்கும். ஒரு முறை நடந்தால் பழுது என்று விட்டிருப்பேன். மூன்று முறை நடந்தது.

என் சந்தேகம் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் மேல் விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சுக் குறைவு. எங்களுக்குப் பழகிய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டவரும் அவரே. கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். நான் அருகில் போனால் கை நின்றுவிடும். எனக்கு அது போதுமாயிருந்தது. அலுவலகத் தலைவியான பணிப்பாளர் அம்மாவிடம் போய், "அந்தப் பேரு எழுத்துல வரக்கூடாதுன்னு யாரோ பார்க்கிறாங்க, மேடம். கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கொஞ்சம் கவனிங்க" என்றேன். அன்றே அவரிடமிருந்த கணினிக் கடவுச்சொல் மாற்றப்பட்டது.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, அது நிக்கிறதுக்கு முன்னம் என்ன செய்யிறனீங்கள்?"

"கேட்கல, அதனால சத்தத்தைக் கூட்டுவேன்."

"வேற பதிவு ஒண்டைப் போட்டுக் கூட்டிப் பாருங்கோ."

ஏதோ ஒரு கூட்டத்தின் பதிவைப் போட்டு ஒலி விசையை அமுக்கினேன். விசைப்பலகை உறைந்தது. அப்போதும், இதையும் இவர்தான் முன்பே செய்துவைத்திருப்பார் என்றே நினைத்தேன்.

நான் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டதும், அவர் பணிப்பாளர் அம்மாவை அழைத்துக் கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னார். "நான் தனியத் தொட்டால் பிறகு கதை வரும்" என்றார், என்னைப் பாராமல். திரையில் எழுத்து விசை ஒவ்வொன்றுக்கும் அமுக்கியது, விட்டது என இரண்டு வரி வந்தது. ஒலி விசைக்கு அமுக்கியது மட்டுமே வந்துகொண்டிருந்தது. "விட்டதை லப்டொப் சொல்லேல்லை. நீங்கள் இன்னும் அமத்திக்கொண்டிருக்கிறீங்கள் எண்டு நினைச்சு மற்ற எழுத்தை வாங்குதில்லை." ஒலி விசையை அமுக்கிய உடனே விட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்படி, அமைப்புக் கோப்பொன்றில் ஒரு வரியைச் சேர்த்தார். பிறகு ஒலியைக் கூட்டினேன். விசைகள் வேலை செய்தன.

அந்தப் பெயரை நான் தட்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்படித் திரும்பி நிற்கும்படி நான் கேட்கவில்லை. திரும்ப வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விசாரணையில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டது. மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கணினிகளைப் பார்த்துக்கொண்டவருக்குக் கடவுச்சொல் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அதற்கப்புறம் என் மேசைக்கு வரும்போதெல்லாம் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வந்தார். அடுத்த ஆண்டு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஓராண்டு முழுக்க இருந்தது.