அக்கா சேமித்த அறுபத்தொரு மணி நேரம்

அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். நாகர்கோவிலில் தனியாக பஸ் ஏறி, மாநில எல்லை தாண்டித் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கையில் ஒரே ஒரு பையோடு எங்கள் ஆரியசாலை வரை நடந்தே வந்திருந்தாள். அத்தான் அறைந்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது. எதற்கு அறைந்தான் என்று அப்பா கேட்டார்.

"டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கன்னேன்."

"அதுக்குப் போயா ஒருத்தன் அடிப்பான்?" என்றார் அப்பா. அவருக்கு அத்தான் மேல் கோபம் வரவில்லை. அக்கா எதையோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றியது.

கீழே அப்பாவின் கயிற்றுக் கடை, மேலே எங்கள் வீடு. நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. கிழக்கேகோட்டையில் ஒரு சந்துக் கடையில் நான் வாங்கிய சிடியில் எமுலேட்டர் என்ற புரோகிராம் இருந்தது. பழைய ஜப்பான் டிவி கேம் பெட்டி ஒன்றைப் போலவே கம்ப்யூட்டரை இயங்கவைக்கும் புரோகிராம் அது. அதனுடன் நூற்றுக்கணக்கான கேம்கள். அவற்றில் ஒன்று நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பேய்களோடு சண்டை போடும் நீளமான கதை. மூன்றாவது ஊரில் ஒரு குகையைத் தாண்ட முடியாமல் நான் அதை விட்டுவிட்டேன்.

அக்கா ஒரு மத்தியானம் அதைத் திறந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் என் டிக்‌ஷனரி. ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். அந்த கேமில் எல்லாம் எழுத்தில்தான் வரும், காது தேவையில்லை. நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். வாள்வீரனுக்குத் தன் பெயரை வைத்தாள். காயத்தை ஆற்றுகிறவளுக்கு அம்மாவின் பெயர். திருடனுக்கு என் பெயர். நாலாவது ஆளான மந்திரவாதிக்கு கேமில் முதலிலேயே இருந்த பெயரை அப்படியே விட்டுவிட்டாள். அப்பாவின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, மத்தியானம் இரண்டு மணி நேரம் விளையாடுவாள். என்னால் தாண்ட முடியாத குகையை நாலே நாளில் தாண்டினாள். கேமில் வரும் சத்திரத்தில் படுத்தால் அதுவரை ஆடியது சேவ் ஆகும். அந்தத் திரையில் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறோம் என்று காட்டும். அறுபத்தொரு மணி நேரம் என்று அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம்தான் அத்தான் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆவணிக்குள் அவள் திரும்பி வந்துவிட்டால் நடந்ததை மறந்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அடித்தவன் மறந்துவிடுகிறேன் என்கிறான், எங்கள் வீட்டில் அதைப் பெருந்தன்மை என்றார்கள். அக்கா போக மாட்டேன் என்றாள்.

"ஒரு காதுதானே மக்கா, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றாள் அம்மா. அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"லே, அந்த கேமு கீமெல்லாம் எடுத்துத் தூரப் போடு. அது இருக்குறவரைக்கும் இவ இங்கேருந்து எந்திரிக்க மாட்டா."

கேமை அழிப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அழித்தால் நான் அழித்தது தெரிந்துவிடும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. "நின்டெ சேச்சி இன்னும் போகலியாடே?" என்று கூடப் படித்த மலையாளி ஒருவன் அக்காவைப் பற்றி எல்லார் முன்னிலும் கேட்டிருந்தான். என்னால் முடியாததை அவள் ஆடி முடித்துவிடுவாள் என்ற எரிச்சலும் எனக்கு இருந்தது. அப்பா சொல்லியிருக்காவிட்டாலும் செய்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் அக்காவும் அம்மாவும் காது டாக்டரிடம் போயிருந்தார்கள். சேவ் எல்லாம் இருக்கும் ஃபைலைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதும் புரோகிராமில் திறந்தேன். புரியாத குறிகளாக நிரம்பியிருந்தது. நடுவில் கொஞ்சத்தை அழித்து மூடினேன். முதலில் ஒரு நகல் எடுத்துவைக்கலாம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஃப்ளாப்பி மேஜை மேலேயே கிடந்தது. எடுக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஓட்டை இனி மூடாது, அந்தக் காது இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"டே, இங்க வாயேன். என் ஆளுங்க யாரையும் காணோம்."

போனேன். சேவ் வைக்கும் மூன்று இடமும் காலியாக இருந்தது.

"கரண்ட் போயிருக்கும்" என்றேன்.

"நான் ஒழுங்கா மூடிட்டுத்தானே எந்திரிச்சேன்."

"பாக்கலாம், சரி பண்ணிரலாம்."

பத்து நாள் சரி பண்ணினேன். எமுலேட்டரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சிடியைத் துணியால் துடைத்து கேமை மறுபடி ஏற்றினேன். ஃபைல் பெயர்களை மாற்றினேன், பழையபடி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பி உட்காருவாள். நான் செய்வதையெல்லாம் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு தடவை கேம் திறக்கும்போதும் சற்று முன்னால் சாய்வாள். மூன்று இடமும் காலியாகவே வரும். "போகட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்று என்னைத்தான் சமாதானப்படுத்துவாள். காலேஜிலிருந்து வந்ததும் எனக்கு டீ போட்டுத் தந்தாள். தம்பி கஷ்டப்படுகிறான் என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அவளாகவே ஒன்று செய்து பார்த்தாள். புதிதாக ஆட்டம் தொடங்கி, முதல் சத்திரத்தில் படுத்து, எல்லாவற்றையும் மூடித் திரும்பத் திறந்தாள். புது சேவ் அப்படியே இருந்தது.

"பாரு, இப்ப நிக்குது. அப்ப புரோகிராம்ல கொழப்பமில்ல. அந்த ஒரு நாள்தான் என்னமோ நடந்திருக்கு."

அப்பா சாப்பிட மேலே வந்திருந்தார். அவர் காதில் விழும்படி சொன்னேன்:

"நீதான் தெரியாம எதையாவது அழுத்தியிருப்பே. ஒனக்கு எங்க தெரியும் இதெல்லாம்?"

அப்பா சிரித்தார். "குடும்பத்தயே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, இதயா வச்சுக்கப் போறா."

அக்கா நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இருக்கும். என் கையில எது வந்தாலும் இப்பிடித்தான்" என்றாள். எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது.

ஆனால் அவள் விடவில்லை. வந்த பிறகு முதன்முறையாகத் தனியாக வெளியே போனாள். ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். சேவ் எல்லாம் ஒரே ஃபைலில்தான் இருக்கும், அதற்கு கேமின் பெயர்தான் இருக்கும், வேறு எதிலாவது திறந்து மூடினால் கெட்டுவிடும் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தாள். இண்டர்நெட்டில் எந்த நாட்டிலோ இருந்த ஒருவன், நடந்ததை விவரமாக எழுதினால் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருந்தானாம். மறுநாள் மத்தியானம் அதை எழுதத்தான் அந்தக் கடிதப் புரோகிராமைத் திறந்திருக்கிறாள். பத்து நாள் நான் செய்த வைத்தியம் முழுவதையும் நோட்டைப் பார்த்து இங்கிலீஷில் அடித்திருக்கிறாள். அதை சேவ் செய்ய ஃபைல் மெனுவை இறக்கியதும், கடைசியாகத் திறந்த ஃபைல்களின் வரிசை அதில் தெரிந்திருக்கிறது. அந்த கேமின் பெயர் முதலில் இருந்தது.

நாலு மணிக்கு நான் காலேஜிலிருந்து வந்தபோது மெனுவை அப்படியே திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்பிடி இங்க வந்துச்சு?"

நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். கழற்றி முடித்த பிறகும் குனிந்தே இருந்தேன்.

"அப்பா சொன்னாரா?"

"ஆமா" என்றேன். முழுப் பழியும் அந்தப் பக்கம் போகட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அப்பா எடுத்துருன்னு சொல்லியிருப்பாரு. பத்து நாள் இவள வச்சு வேடிக்க பாருன்னுமா சொன்னாரு?"

அவள் அழவில்லை. அடித்திருந்த கடிதத்தை சேவ் செய்யாமல் மூடி, கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, மேலே துணியைப் போட்டு மூடினாள். நோட்டை அடுப்பில் வைத்தாள். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "எழுதி முடிஞ்சுபோச்சு" என்றாள்.

மூன்று வாரத்தில் நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போனாள். அப்பா கொண்டுபோய் விட்டார். நான் தம்பானூர் வரை பை தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அக்கா" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் நின்றது இடது பக்கம். கேட்கவில்லையா, வேண்டாமென்று இருந்தாளா, தெரியாது. வலது பக்கம் சுற்றிப் போய்க் கூப்பிட நேரம் இருந்தது. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கல்யாண வீடுகளிலெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், மகள் வாழ்க்கையைத் தான்தான் நேராக்கினேன் என்று. இரண்டு வருஷம் கழித்து அக்கா அத்தானை விட்டு வந்தாள். இந்த முறை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை, கூட வேலை செய்யும் பெண்களோடு ஒரு அறை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைதான். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், அம்மாவும் எடுக்கவில்லை.

ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம். அவள் மெலிந்திருந்தாள், தலைமுடியைக் காது மறையும்படி இறக்கிக் கட்டியிருந்தாள். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தா வேண்டது?"

என்ன வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டாள். எங்கள் வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் மலையாளம் பேசிக்கொண்டதே இல்லை. நான் தமிழில் "அக்கா" என்றேன். பின்னால் நின்றவர் முன்னே நெருக்கினார். என் கையில் இருந்த இரண்டு துண்டுகளை வாங்கி, விலைச்சீட்டைப் பார்த்து அடித்து, பில்லைக் கிழித்துத் தந்தாள்.

"அடுத்த ஆளு வரூ" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கீழே கடையில் இருந்தார். என் கையில் இருந்த பில்லைப் பார்த்துவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தி, "பாத்தியா? எப்பிடி இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

அம்மா துண்டுகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். சாயம் போகுமா என்று கேட்டாள்.