கோயிலில் திரும்பத் திரும்ப வந்த இருமல்

எங்கள் மாதா கோயில் பாடல் குழுவில் கீபோர்டு வாசித்தவர் கப்பல் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்கு பெண்களின் குரலும் என் கிதாரும்தான். எங்கள் பாதிரியாரான பங்குச் சாமிக்கு இது போதுமா என்று சந்தேகம். பக்கத்துப் பங்கில் பென் டிரைவில் இசையைப் போட்டு அதன்மேல் பாடுகிறார்கள், நாமும் அப்படியே செய்துவிடலாமே என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சனிக்கிழமை சாயங்காலப் பூசையை என்னிடம் விடுங்கள், சரிப்படாவிட்டால் பென் டிரைவையே வைத்துக்கொள்ளுங்கள் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார். 

காலடியில் வைக்கும் லூப் பெடலை நம்பித்தான் வாயை விட்டிருந்தேன். அதை மிதித்துவிட்டு வாசித்தால், வாசித்ததைப் பிடித்துவைத்துச் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் இன்னொன்று வாசித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே ஆள் மூன்று பேராகிவிடலாம். அதில் ஃபீட்பேக் என்று ஒரு திருகு உண்டு. பழைய சுற்றில் எவ்வளவு அடுத்த சுற்றுக்கு மிஞ்ச வேண்டும் என்பது அதன் கையில். முழுக்கத் திருப்பி வைத்தால் எதுவும் போகாது. குறைத்தால் பழையது சுற்றுக்குச் சுற்று தேய்ந்துகொண்டே போகும். நான் அதை முழுக்கவே வைத்திருப்பேன். கஷ்டப்பட்டு வாசித்ததை எதற்கு விட வேண்டும் என்கிற பிடிவாதம்.

உப்புக் காற்றில் கிதாரின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் துருப்பிடித்துச் செத்திருந்ததால், முன்னால் ஒரு மைக்கை நிறுத்திப் பெடலோடு இணைத்திருந்தேன். மறுநாள் ஞாயிறு, மீன்பிடிக்கப் படகு போகாது என்பதால் கோயில் நிறைந்திருந்தது. எல்லாரும் சாமி கையால் நன்மை அப்பம் வாங்கி உட்கார்ந்ததும், அந்த அமைதியில் வாசிக்க ஆரம்பித்தேன். அடிநாதம், அதன்மேல் பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டு, அதன்மேல் சின்னதாக ஒரு மெட்டு. பதிவை நிறுத்தாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். பெண்கள் மெல்ல முனக ஆரம்பித்தார்கள்.

அப்போது முதல் பெஞ்சிலிருந்த அண்ணாச்சி இருமினார். சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் மூச்சடக்கும் நெஞ்சிலிருந்து வந்த இருமல், மைக் விடுமா.

அடுத்த சுற்றில் ஸ்பீக்கர் இருமியது. பக்கத்துப் பெஞ்சிலிருந்து அண்ணாச்சியின் மனைவி திரும்பி முறைத்தார். நான் இல்லை என்று அண்ணாச்சி தலையாட்டினார். மறுபடி இருமல். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கும் அடுத்த சுற்றில் துண்டுக்குள்ளிருந்தே அவர் இருமுவதுபோல் இருந்தது.

பெடலைப் பார்த்தேன். கடைசி அடுக்கை மட்டும் அழிக்க வழி உண்டு. நானோ எல்லாவற்றையும் ஒரே அடுக்காகப் போட்டுத் தொலைத்திருந்தேன். அழித்தால் மொத்தமும் போகும், பாடுகிறவர்கள் அந்தரத்தில் நிற்பார்கள். குனிந்து ஃபீட்பேக்கைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். இருமல் தணிந்தது. கூடவே என் அடிநாதமும் கார்டும் தணிந்தன. அவை தணியத் தணிய மறுபடி வாசித்தேன். அதே மாதிரி வாசிக்க விரல் ஓடவில்லை, கொஞ்சம் மாற்றி வாசித்தேன். பழையது போகப்போகப் புதியது வந்து உட்கார்ந்தது. பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். இருமல் பெருமூச்சு அளவுக்கு வந்து, பிறகு இல்லாமலே போனது. அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

பூசை முடிந்து வாசலில் சாமியிடம் போனபோது, அண்ணாச்சியும் மனைவியும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒருக்காதான் இருமினேன் சாமி. இவ நம்ப மாட்டேங்கா."

"பொய் சொல்லுதாரு சாமி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காரு."

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

"அண்ணாச்சி ஒருக்காதான் இருமினாங்க, சாமி. மிச்சமெல்லாம் என் பெடல்," என்றேன். பென் டிரைவுக்கு நானே கதவைத் திறந்துவிட்டாயிற்று என்று நினைத்தேன்.

சாமி என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "எப்படி நிறுத்துன?"

திருகைப் பற்றிச் சொன்னேன்.

"பென் டிரைவுல இருமல் விழுந்திருந்தா வாராவாரம்லா இருமியிருக்கும்," என்றார் அவர். "அடுத்த வாரம் நீயே வாசி. மைக்கை மட்டும் அண்ணாச்சிட்ட இருந்து தள்ளி வையி."