பின்னிருந்து முன்னாகக் கட்டிய கடிதம்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, இருபத்து மூன்று மூங்கில் பட்டைகளைப் புதுக் கயிற்றில் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் ஒரு முறையும் காய்ந்த துணியால் ஒரு முறையும் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகு அப்பா எழுபத்தொரு நாள் உயிரோடு இருந்தார். அந்த எழுபத்தொரு நாளில் இருவரும் சேர்ந்து ஒரு பல்புகூட மாற்றவில்லை.

பட்டைகள் வீட்டுச் சொத்து அல்ல. 'சீன எழுத்தின் வரலாறு' என்று ஒரு கண்காட்சி மத்திய நூலகத்துக்கு இரவலாக வந்திருந்தது. வேனில் ஏறி, கிளை நூலகம் கிளை நூலகமாக, இடத்துக்கு இரண்டு வாரம் என்று சுற்றியது. முப்பது விளக்கப் பலகைகள், நான்கு கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிகளில் இருந்தவை எல்லாம் நகல்கள். கேள்வி செதுக்கிய ஆமை ஓடு, எழுத்து வார்த்த வெண்கலக் கிண்ணம், அச்செழுத்துத் தட்டு. மூன்றாவது பெட்டியில் அந்த மூங்கில் பட்டைகள். காகிதம் வருவதற்கு முன்னால் மூங்கிலைச் சீவி, ஒரு பட்டைக்கு ஒரு வரி என்று எழுதி, பாய்போலக் கட்டிச் சுருட்டி வைப்பார்களாம். அந்த மாதிரியில் ஒரு கடிதம் இது. ஏற்றி இறக்கியதில் கயிறு நைந்து, ஓரத்துப் பட்டை ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டு அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மத்திய நூலகத்தின் கண்காட்சிப் பிரிவில் அவருக்கு இருபத்தொன்பது வருட வேலை. பிரிவு என்றால் அவரும் வேன் ஓட்டுநரும்தான். தேனீக்கள், பழைய வரைபடங்கள், ரயில் என்று எது வந்தாலும் இறக்குவார், சுவரில் மாட்டுவார், இரண்டு வாரம் கழித்துக் கழற்றி ஏற்றுவார். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு பலகையையும் மாட்டியதில்லை. குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை சுத்தியலைத் தொடவிடமாட்டார். கிளை நூலகங்களில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் நிமிர்த்திவிட்டு வருகிற மனுஷன், நம் வீட்டுக் காலண்டர் பத்து வருடமாக ஒரு பக்கம் சாய்ந்து தூங்குவதைப் பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லிக்காட்டுவாள்.

பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டரில் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அது அம்மாவின் கண் உயரம். கையேட்டில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தது. அதை எழுதியவர் நெட்டையாக இருக்க வேண்டும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எந்தக் கண்காட்சி வந்தாலும் அதன் முதல் வாசகர் அவர்தான். முப்பது பலகையையும் உட்கார்ந்து வாசிப்பார். வாசித்தது அன்று இரவுச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வந்துசேரும். எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கேள்வியைச் செதுக்கி, சூடு காட்டி, விழுகிற விரிசலைப் பார்த்துக் குறி சொல்வார்களாம். மழை வருமா, பல்வலி போகுமா, எல்லாம் கேட்டிருக்கிறார்களாம். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, பல்வலி போச்சாமா என்று கேட்டாள். கேள்விதான் நிறையக் கிடைத்திருக்கிறது, பதில் கொஞ்சம்தான் என்றார் அப்பா.

அந்த ஞாயிறு வேலை இப்படி நடந்தது. எழுத்து இருக்கிற பக்கத்தில் பென்சில் படக்கூடாது என்று, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல அப்பா பாயைக் குப்புறப் புரட்டினார். முதுகுப் பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று இருபத்து மூன்று வரை எண் போட்டார். பழைய கயிற்றை வெட்டும் முன், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்று கேட்டார். மகளின் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. "அதான் நம்பர் போட்டாச்சேப்பா" என்றாள் அவள்.

பிறகு கட்டினார்கள். அவள் எண் பார்த்து எடுத்து, எழுத்து மேலே வரும்படி திருப்பிக் கொடுப்பாள். அவர் இடது ஓரத்தில் ஆரம்பித்து, இரண்டு கயிற்றையும் குறுக்கே முறுக்கி, அடுத்ததற்குக் கை நீட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று. எதிரெதிரே உட்கார்ந்து அதிகம் பேசவில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், பாதி பதில் சொன்னாள். பதினேழாவது பட்டையில் அம்மா டீ கொண்டுவந்து, மேசைக்குப் பக்கத்தில் வராமல் எட்டி நின்றே கொடுத்தாள். கட்டி முடித்த பாயைத் தூக்கிப் பார்த்து அப்பா சொன்னது, "இன்ஜினியர் கை வச்சா அதுவே ஒரு அழகுதான்."

மகள் மின்சுற்றுப் பலகை வடிவமைப்பவள். பலகைக்கு மேல்பக்கம், அடிப்பக்கம் என்று இரண்டு முகம். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும். அந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தருவது இதைத்தான். இதை மறந்து வரைகிற புதியவர்களை அவளே கடிந்திருக்கிறாள். முதுகில் இடமிருந்து எண் போட்டு, முகத்திலும் இடமிருந்து கட்டினால் வரிசை அப்படியே திரும்பிவிடும். முதல் வரி கடைசியாகவும் கடைசி வரி முதலாகவும் போகும். அன்று மூன்று மணி நேரம் அது அவள் கண்ணெதிரே நடந்தது. தெரியவில்லை.

கட்டி முடித்த பிறகு அது முதலில் போனது வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளியிருக்கும் கிளை நூலகத்துக்கு. அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க வந்தது. தபால்காரர், மாடி வீட்டு அத்தை, அம்மாவோடு நடக்கப் போகிற பெண்கள், எல்லோரையும் அப்பா மூன்றாவது பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். சீனத்தில் வலது ஓரத்தில் ஆரம்பித்து மேலிருந்து கீழே படிக்க வேண்டும் என்று கைவைத்துக் காட்டினார். ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. பலகையில் வாசித்ததைச் சொன்னார். இது நானும் என் பொண்ணும் கட்டினது என்பதையும் மறக்காமல் சொன்னார். அங்கிருந்து இன்னும் மூன்று நூலகங்கள். ஒவ்வொன்றிலும் நிலை அறிக்கை என்று ஒரு தாள் உண்டு. பொருள் என்ன, எத்தனை, சேதம் உண்டா. நான்கு தாளிலும் மூங்கில் பட்டைகளுக்கு நேரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஐந்தாவது நூலகத்தில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை அவர் மகளுக்குப் போன் செய்தார். அவள் அலுவலகத்தில், கெடு முடிகிற வேலையில் இருந்தாள்.

"ஏம்மா, உங்க போர்டுல அடிப்பக்கமிருந்து பாத்தா இடது வலது மாறிடும்னு சொல்லுவியே. அது எப்பவுமே மாறுமா?"

"எப்பவுமேதான்ப்பா. ஏன்?"

"இல்ல, சில சமயம் மாறாம இருக்குமான்னு கேட்டேன்."

"புரட்டினா மாறத்தான் செய்யும். என்ன விஷயம்?"

"சும்மாதான். நீ சாப்பிட்டுட்டு வேலையப் பாரு."

வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஷூவின் நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வயது ஐம்பத்தொன்பது. மருத்துவர் இதயம் என்றார்.

பத்து நாள் கழித்து வேன் ஓட்டுநர் அப்பாவின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர், அதனால் மகளுக்கு அவர் சித்தப்பா. கூடத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல், நடந்ததைச் சொன்னார்.

ஐந்தாவது நூலகத்துக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரப் பெண்ணுக்குச் சீனம் தாய்மொழி. ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வந்து பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனவர், மூன்றாவது பெட்டியின் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாராம். அப்பா பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்.

"சார், இவர் ரொம்ப அவசரக்காரர்போல. வந்ததும் விடைபெறுகிறார், அப்புறம் உடம்பைப் பார்த்துக்கன்னு சொல்கிறார், கடைசியா வணக்கம் வைக்கிறார்" என்றாராம் அந்தப் பெண்.

அப்பா முகம் வெளுத்துவிட்டது என்றார் ஓட்டுநர். வேனில் வரும்போது அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சனிக்கிழமை யாருக்கோ போன் பேசிவிட்டு, ஆமாம்டா, தப்புதான் என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. கண்ணாடிக் கடைக்காரப் பெண்ணைக் கெஞ்சி வரவழைத்து, அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொல்ல, வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து மறுபடி கட்டினார். முடிந்ததும் அந்தப் பெண் முழுக் கடிதத்தையும் சத்தமாகப் படித்து, பிறகு அர்த்தம் சொன்னார். அப்பா நின்றுகொண்டே கேட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். தலைமை நூலகர் விட்டுவிடத்தான் சொன்னார். நான்கு நூலகத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, நம் வாசகர்களில் சீனம் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிற ஆளின் பேரில் ஒரு கரும்புள்ளி விழ வேண்டாமே என்று நினைத்திருப்பார்.

"தெரிஞ்சவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க சார்" என்று அப்பா பதில் சொன்னாராம். "தெரியாதவங்க நம்பிட்டுப் போயிருக்காங்க."

அந்த வாரமே நான்கு தாள் எடுத்து நான்கு அறிவிப்புகள் எழுதினார், ஒவ்வொரு நூலகத்தின் அறிவிப்புப் பலகைக்கும் ஒன்று. வேலை முடிந்த பிறகு, தன் நேரத்தில், பஸ்ஸில் போய் ஒட்டினார். ஓட்டுநர் வேனில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, இது என் சொந்த வேலை என்று சொல்லிவிட்டார். ஊர்க்கோடியில் இருப்பது புதன்கிழமை, ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருப்பது வெள்ளி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருப்பது சனி.

ஓட்டுநர் போனதும் மகள் பையைத் திறந்தாள். ரசமட்டம், நூல்கண்டு, அளவு நாடா. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்தாவது நிலை அறிக்கை. மூங்கில் பட்டைகளுக்கு நேரே 'சரி' இல்லை. 'வரிசை திரும்பியிருந்தது. பிரித்து மீண்டும் கட்டப்பட்டது. முன்பு கட்டியதில் தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தது. என்னுடையது. எண் பார்த்து எடுத்துக் கொடுத்த கை, போட்டோ வேண்டாம் என்ற வாய், எதுவும் அதில் இல்லை. அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் போனில் கேட்டிருக்கிறார். பதில் தெரிந்த கேள்வி. ஒருவேளை வேறு பதில் வரும் என்று நினைத்திருக்கலாம்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்து மூன்று நூலகங்களுக்கும் போய்ப் பார்த்தாள். மூன்றிலும் அறிவிப்பு இருந்தது. நான்கு மூலையும் படிய ஒட்டியிருந்தது, கொஞ்சமும் சாயவில்லை. அவருடைய உருண்டையான கையெழுத்தில் ஒரே வாசகம். 'இங்கே காட்டப்பட்ட மூங்கில் கடிதம் பின்னிருந்து முன்னாகக் கட்டப்பட்டிருந்தது. சரியான வரிசையின் படம் கீழே உள்ளது. தவறு என்னுடையது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.' கையெழுத்து. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நூலகத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருப்பா இவ்வளவு நல்லவன் என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள்.

நான்காவது, நான்கு தெரு தள்ளியிருக்கும் நூலகம். அது ஏன் கடைசியாக விடப்பட்டது என்று வீட்டில் கேட்டாள்.

"பக்கத்துலதானேன்னு விட்டிருப்பாரு" என்றாள் அம்மா. "வர்ற செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போறப்ப ஒரு வேலை இருக்குன்னாரு. என்ன வேலைன்னா, அப்புறம் சொல்றேன்னாரு. இன்னும் சொல்லல."

ஓட்டுநருக்கு வேறு எண்ணம். போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த நூலகத்தில் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும். என் பொண்ணும் நானும் கட்டினது என்று அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். மற்ற மூன்று இடத்தில் எழுதியதை அங்கே எழுதுவது அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்காது என்றார்.

நான்காவது அறிவிப்பு, அதே பிளாஸ்டிக் உறையில், நிலை அறிக்கைக்குப் பின்னால் இருந்தது. மேலே இரண்டு வரி எழுதியிருந்தார். படத்தை ஒட்டியிருந்தார். வாசகர்கள் மன்னிக்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்தும் இருந்தது. தவறு யாருடையது என்று சொல்ல வேண்டிய வரிக்கு மட்டும் நடுவில் இடம் விட்டிருந்தார். ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. என்ன எழுதி அழித்தார் என்பதை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

அது இன்னும் ஒட்டப்படவில்லை. நூலகம் திங்கள் தவிர எல்லா நாளும் ஒன்பது மணிக்குத் திறக்கிறது.