தோப்புக்குச் சமமான துப்பாக்கி

புளியும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாசனை… எருத்தேன்பதி என்றாலே எனக்கு அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். பாலக்காட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் சேர்ந்திருந்தேன். பழைய ரிவால்வர் எந்த ஊர்ச் சரக்கு, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒருநாள் எருத்தேன்பதியிலிருந்து பாப்பாத்தியம்மாள் ஆளனுப்பினார். கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடுப்பில் கைக்குழந்தை.

போனால் வாசலில் ஊரே கூடியிருந்தது… பாகப்பிரிவினை! மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். வைத்தவர் கணவரின் அண்ணன் காளியப்பன். தம்பி இல்லாததால், மகனுக்காக எடுக்க வேண்டியவர் பாப்பாத்தியம்மாள்.

வயல்களைச் சரிபாதியாக வைத்துவிட்டார். கடைசியில் மிஞ்சிய தென்னந்தோப்பு ஒரு பங்கு, அப்பாவின் ரிவால்வர் இன்னொரு பங்கு!

"தொரை கையால எங்கப்பனுக்குக் குடுத்ததுங்க. இங்கிலாந்துச் சரக்கு. ரெண்டுஞ் சமம்" என்றார் காளியப்பன். "மாமனார் மானத்த உட்டுப்போட்டுத் தோப்ப எடுக்கறவ இந்த ஊட்டு மருமவளா?" என்று நாலு பேர் காதில் விழும்படி வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாப்பாத்தியம்மாள் என்னிடம், "ஏனுங்க, பாத்து உள்ளதச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

கையில் எடுத்தேன். ஐயோ! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்து, கருநீலப் பூச்சு போய், குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. குழல் மேலிருந்த எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. துப்பாக்கியைப் புளி போட்டுத் துலக்குவதை வேறெங்கும் நான் கண்டதில்லை, சாமி!

குண்டு போடும் உருளையைக் கழற்றினேன். அதன் பின்பக்கத்துக்குப் புளி எட்டவில்லை. முட்டை வடிவக் கோடு, மேலே சின்னக் கிரீடம்… பெல்ஜியம் முத்திரை.

"வேலைப்பாடு அழகுதானுங்க. ஆனா இது பெல்ஜியத்துல செஞ்ச நகல். ரெண்டு தென்னை விலைகூடத் தேறாது" என்றேன்.

காளியப்பன் தேள் கொட்டிய திருடன் போல விழித்தார். "அப்படின்னா… தோப்பையே பாதி பாதி ஆக்கிக்கலாம்" என்றார் அவசரமாக.

"எதுக்குங்க? சமம்னு வெச்சது நீங்க, எடுக்கறது நானு" என்றார் பாப்பாத்தியம்மாள். "எனக்குத் தோப்பு. மாமனார் மானம் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுங்க."

ஊரே சிரித்துவிட்டது. குரலைக்கூட உயர்த்தவில்லையே அந்த அம்மாள்! எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் படம் போட்ட கேட்டலாக்கோடு வருகிறார்கள். முத்திரையை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், நான் தலையாட்டினால் போதும். சௌகரியம்தான்… ஆனாலும் அந்த வாசலுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். அந்தக் கைக்குழந்தைக்கு மீசை முளைத்துவிட்டது, தோப்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். பெரியப்பா வீட்டில் ரிவால்வர் இன்னும் பளபளக்கிறதாம். ஆயுத பூஜையன்று அதற்கு உடைக்கிற தேங்காய் மட்டும், வருஷா வருஷம், பாப்பாத்தியம்மாள் தோப்பிலிருந்து போகிறது.