டாக்டர் போட்டது நாலு துளைதான்

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்ட பிறகு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, வீடு அல்வாலில். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் வாய் திறந்து நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, உரக்கத் திட்டியதுகூட இல்லை.

சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடுங்கி எடுக்கும். ஸ்கேன் பார்த்தார்கள், பித்தப்பையில் கல். பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் பக்கம் எல்லோரும் இதை லேசர் ஆபரேஷன் என்பார்கள், லேசரும் கிடையாது ஒன்றும் கிடையாது. வயிற்றில் காற்றை அடித்து உப்ப வைத்து, சின்னச் சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றதில் கருவியும் விட்டு எடுப்பார்கள். டாக்டர் ஒரு சீட்டில் வயிற்றை வரைந்து புள்ளி வைத்துக் காட்டினார். தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. மொத்தம் நாலு. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆபரேஷன் அன்றைக்கு ஏதோ பந்த், பள்ளிக்கூடங்களைத் திடீரென்று மூடிவிட்டார்கள். என்னை உள்ளே கொண்டுபோனபோது சுவரில் மணி பத்தே முக்கால். கையில் ஊசி போட்டார்கள், நான் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விளக்கு இல்லை. தகரக் கூரை இருந்தது. நம்பினால் நம்புங்கள், நான் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் காலி டிரம்கள், நீல நிறம், உள்ளே பழைய ரசாயன நாற்றம். என் கையைப் பார்த்தால் அது என் கை இல்லை. விரலில் சிவப்புக் கல் மோதிரம், முழங்கை வரை அடர்த்தியான முடி. எதிரே ஒருவன், இடது புருவம் நடுவில் பிளந்து தழும்பு ஏறியவன், என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து டிரம்மோடு சேர்த்து மோதினான். பின்மண்டையில் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கு உள்ளிருந்து கேட்டது. அவன் கையில் கூராகத் தீட்டிய ஸ்க்ரூடிரைவர். முதல் குத்து தொப்புளில். வலி இல்லை, யாரோ பலமாகத் தள்ளியது மாதிரிதான் இருந்தது. உருவும்போதுதான் வலித்தது. இரண்டாவது நெஞ்செலும்புக்குக் கீழே. நான் அவன் காதைக் கடித்தேன், வாயில் ரத்தம், அது அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. வலது விலாவில் இரண்டு குத்து, அடுத்தடுத்து. ஐந்தாவதை இடது பக்கம் இறக்கி, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் திருகினான். அந்த வலியிலும் எனக்கு அவனைப் பற்றி நினைப்பில்லை. அவனுக்குப் பின்னால், இரண்டு டிரம்முக்கு நடுவே ஒரு சின்னக் கால் தெரிந்தது. ரோஸ் நிறச் செருப்பு. அவன் திரும்பிவிடக் கூடாது, அது ஒன்றுதான் நினைப்பு.

கண் விழித்தபோது ரெண்டு பேர் என் தோளை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கத்திக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற இடத்துத் தெலுங்குதான் எனக்கு வரும், அதுவும் தட்டுத்தடுமாறி. நான் கத்தியதோ பிறந்ததிலிருந்து பேசுகிறவனுடைய தெலுங்கு என்று சிஸ்டர் அப்புறம் சொன்னார்கள். "பாப்பா, டிரம்மு வெனகே உண்டு, பயடிக்கி ராக்கு." டிரம்முக்குப் பின்னாலேயே இரு, வெளியே வராதே. இதையே திரும்பத் திரும்பக் கத்தினேனாம்.

இந்த இடத்தில் என் மனைவி சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அறுத்தெடுத்த பையைத் தட்டில் காட்டி, கல்லைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். அதை வாங்க வந்தவள் நான் கத்தியதைக் கேட்டுப் பயந்துபோய்விட்டாள். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து, திருப்பத்தூரில் இருக்கிற அவள் அக்காவிடம் போனில் அழுதிருக்கிறாள். பக்கத்தில் ஒருவன், சட்டையெல்லாம் ரத்தம், காதில் பஞ்சு. நீங்க தமிழா என்று கேட்டிருக்கிறான். தன் கூட்டாளியை யாரோ பைக்கில் வந்து குத்திவிட்டுப் போய்விட்டார்கள், தடுக்கப்போய்த் தனக்கும் அடி, தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், வழியிலேயே போய்விட்டான் என்று அவனும் அழுதிருக்கிறான். இந்த ஊரில் ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்க் குரல் கேட்டுவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். மனதில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவோம். அவளும் கொட்டினாள். நான் கத்தியதை ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் கட்டிலுக்கு வந்தாள். வயிற்றில் அடித்த காற்று ஏறி வலது தோள்பட்டை எரிந்துகொண்டிருந்தது. நான் சட்டையைத் தூக்கிக் கட்டுகளை எண்ணினேன். நாலு. நான் வாங்கியது ஐந்து. இடது பக்கம் வெறும் தோல்.

"என்னாங்க, நம்மூரு தம்பி ஒருத்தர் வந்திருக்காரு. பாவம், அவங்க கூட்டாளியப் பறிகுடுத்துட்டு நிக்கிறாரு. அதுலயும் உங்களப் பாக்கணும்னாரு" என்று திரையை விலக்கினாள்.

பிளந்த புருவம். காதில் பஞ்சு. அவனேதான்.

"வணக்கம் அண்ணே. கைக்கு, எதுக்கு எந்திரிக்கிறீங்க, படுங்க படுங்க" என்றான். சரோஜாவிடம், "அக்கா, சிஸ்டர் மருந்துச் சீட்டு வெச்சிக்கிட்டு உங்களத்தான் தேடுது. நான் இருக்கேன், டென்ஷன் நக்கோ, வேணாம்" என்றான்.

அவள் போய்விட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாருங்கள், என் சுபாவம் அந்த நேரத்திலும் அப்படியே இருந்தது.

அவன் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். "அக்கா சொல்லுச்சு, மயக்கத்துல ஏதோ கத்துனீங்களாம். உங்களுக்கு ஒரே பையனாமே. பாப்பா யாருண்ணே?"

நான் திரைப் பக்கம் பார்த்தேன்.

"டிரம்முன்னு சொன்னீங்களாமே." ஒரு கை என் வாயைப் பொத்தியது. இன்னொரு கை போர்வைக்குள் வந்தது. தொப்புள் கட்டின் மேல் கட்டை விரலை வைத்து அமுக்கினான். கண்ணில் பொறி பறந்தது. பிறகு நெஞ்செலும்புக்குக் கீழே. பிறகு வலது பக்கம் இரண்டும். ஒவ்வொன்றையும் தடவித் தேடவில்லை, நேராக அங்கேதான் போனான். என்னை விட அவன்தான் வெளுத்துப் போயிருந்தான். கடைசியாக, கட்டே இல்லாத இடது பக்கத்துக்கு விரல் வந்தது. அங்கே வைத்துத் திருகினான். காலையில் தகரக் கூரையின் கீழே பட்ட வலி அப்படியே திரும்ப வந்தது. அலறினேன், அவன் உள்ளங்கைக்குள்ளேயே போய்விட்டது.

"ஹவ், ஆமா, இன்னிக்கி பந்த் ஆச்சே" என்றான் மெதுவாக, தனக்குத்தானே. "ஸ்கூலு லீவு. பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கான்." உடனே எழுந்தான்.

அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ரோஸ் செருப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, வெளியே வராதே என்று சொன்னதால் இருக்கிறது. நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கட்டிலிலிருந்து அவனோடு சேர்ந்து விழுந்தேன். குளுக்கோஸ் ஸ்டாண்டு எங்கள் மேல் சாய்ந்தது. கையில் ஊசி பிய்ந்து தரையெல்லாம் ரத்தம். அவன் என் வயிற்றில் உதைத்தான், ஒரு தரம் இல்லை, மூன்று தரம். நான் அவன் காதில் இருந்த பஞ்சைப் பிய்த்து அதே இடத்தில் பல்லைப் பதித்தேன். அந்த ரத்தத்தின் ருசி காலையிலேயே எனக்குத் தெரிந்த ருசி. சத்தியமாகச் சொல்கிறேன், யார் பல் அது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

சிஸ்டர் ஓடிவந்தபோது அவன் என்னை உதறிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். குத்துக் கேஸ் என்பதால் கீழே போலீஸ்காரர் ஒருவர் இருந்தார், அவரைக் கூட்டிவந்தார்கள். டிரம் ஷெட்டு, சின்னப் பிள்ளை, அவன் கொல்லப் போகிறான் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மயக்கத்தில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் மருந்து உளறல் என்று போயிருப்பார், அந்தப் பிள்ளையும் இருந்திருக்காது. அதனால் பொய் சொன்னேன். "அவன் என் காதில் சொன்னான், குத்தினது நான்தான், பார்த்த பிள்ளையையும் முடிக்கப் போகிறேன் என்று." கத்திச் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி. ஆயுசில் நான் அப்படிக் கத்தியது அன்றைக்குத்தான். பிறகு அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செத்தவருடைய டிரம் ஷெட்டு எது என்று விசாரித்து அவர் உடனே போன் போட்டார். பக்கத்து ஸ்டேஷன் ஆட்கள் போனபோது அவன் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தானாம். பிள்ளை நீல டிரம்களுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நாலு மணி நேரத்துக்கு மேல். கூப்பிட்டும் வரவில்லை, தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். எதற்காகக் குத்தினான் என்று பேப்பரில் ஏதோ வந்தது. நான் படிக்கவில்லை.

மருந்துச் சீட்டோடு திரும்பி வந்த சரோஜா என்னைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான சொன்னேன். தமிழ்ல பேசுனானேன்னு சொல்லிட்டேங்க" என்று வெகு நாள் அழுதாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் கட்டுப் பிரித்தார். நாலு துளையிலும் தையல் விடவில்லை. இடது பக்கம்தான் ரத்தம் வந்துகொண்டிருந்தது. விழும்போது ஸ்டாண்டு குத்தியிருக்கும் என்றார். பிறகு குனிந்து பார்த்து, "இது மத்ததைப் போலவே இருக்கே, இங்க நான் போடலையே" என்றார். அங்கேயும் ஒரு தையல் போட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் நாலு துளை என்றுதான் இருக்கிறது. என் வயிற்றில் ஐந்து இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் எண்ணெய் இல்லாத சாப்பாட்டுக்குப் பழகி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, செத்தவருடைய மனைவி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூட அந்தப் பிள்ளை. ஆறு வயது இருக்கும். அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, பாத்ரூமுக்குள் போனால்கூட யாராவது தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றார் அந்த அம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா டீ போட உள்ளே போனாள்.

பிள்ளை எழுந்து வந்து என் எதிரே நின்றது.

"நான்னா, பயடிக்கி ரானா?" என்று கேட்டது. அப்பா, நான் வெளியே வரட்டுமா.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ரா" என்றேன், என்னையும் அறியாமல். வா. அதற்குப் பிறகு பிள்ளை நன்றாகப் பேசுகிறது, பள்ளிக்கூடம் போகிறது. சிறு பிள்ளை, அப்பா ஞாபகத்தில் கேட்டிருக்கும், யாரைப் பார்த்தாலும் கேட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அது என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் முழுச் சட்டை போட்டு, பட்டன் எல்லாம் மாட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவிடம் கூட அந்த ஐந்தாவது துளையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பிள்ளை என் சட்டையின் இடது பக்கத்தை, சரியாக அந்த இடத்தைப் பார்த்துக் கேட்டது. பதில் வரும் வரை அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.