வேன் தள்ளிய செபமாலை

எங்கள் கோயிலில் செபிக்கிறவர்கள் ஒரு கூட்டம், வேலை செய்கிறவர்கள் இன்னொரு கூட்டம். நான் செபக் கூட்டம். எங்கள் தலைவி ஓய்வுபெற்ற டீச்சர். குண்டசாலையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நவநாள் தொடங்கிவிடுவார். மற்றக் கூட்டத்தின் தலைவர் தபால் கந்தோரில் இருந்தவர். செபத்தால் யாருக்கும் வயிறு நிரம்பியதில்லை என்பார். இருவரும் மாறி மாறி முறையிட்டதில் ஃபாதர் களைத்துப்போனார். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீடுகள்மேல் மண் சரிந்தபோது, நிவாரணச் சாமானோடு எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

வேன், திகனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவுடையது. பாதிச் சாமானும் அவர் கொடுத்ததுதான். அவரே ஓட்டிவந்தார்.

மெயின் ரோட்டைவிட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறியதும் வேனின் சில்லு சேற்றில் புதைந்தது. வேலைக் கூட்டம் குதித்து இறங்கித் தள்ளியது. டீச்சர் முன் ஸீட்டில் இருந்தபடியே செபமாலையைத் தொடங்கினார். நாங்களும் இருந்த இடத்திலேயே பதில் சொன்னோம். வேன் அசையவில்லை. தபால்காரர் முழங்கால்வரை சேற்றோடு ஜன்னலருகே வந்து, செபிக்கிறவர்களின் பாரம்தான் தடை என்றார். டீச்சர் அதைச் சோதனையாக எடுத்துக்கொண்டு இன்னும் உருக்கமாகச் செபித்தார். சில்லு இன்னும் இறங்கியது. என் விசுவாசம்தான் போதவில்லையோ என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

நானா என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டீச்சர், எறங்கித் தள்ளிக்கிட்டே ஓதுங்களேன். அல்லாவுக்கு அங்கேருந்தும் கேக்கும்."

டீச்சர் மடியிலிருந்த, கைக்குழந்தை அளவு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "மரியே" வரும்போதெல்லாம் சேர்ந்து தள்ளினோம். தபால்காரரும் சேர்ந்து சொன்னார், தாளத்துக்காக இருக்கலாம். வேன் விடுபட்டது. ஆனால் அந்த ஏற்றத்தில் நிறுத்த முடியாமல் நானா மேலே போய்க்கொண்டே இருந்தார். செபமாலையைப் பாதியில் விட டீச்சர் சம்மதிக்கவில்லை. வெள்ளைச் சேலையோடு, தூறலுக்காகத் துவாயில் சுற்றிய சுரூபத்தை ஏந்தி அவர் முன்னே நடக்க, நாங்கள் தலைகுனிந்து "எங்கள் மரண நேரத்திலும்" என்று சொல்லிக்கொண்டு வேனுக்குப் பின்னால் மேடு ஏறினோம்.

லயத்துச் சனங்கள் தங்கியிருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பெண் அழத் தொடங்கினாள். பக்தியில் உருகுகிறார்கள் என்று நாங்கள் குரலை உயர்த்தினோம். ஒரு பெரியவர் என்னை நெருங்கி மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் இல்லீங்க. அரிசி, பருப்பு கொண்டு வந்திருக்கோம்."

அவர் துவாய்க் கட்டைப் பார்த்தார். டீச்சர் அவசரமாகப் பிரித்து மாதாவைக் காட்டினார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுத பெண் மட்டும் நிறுத்தவில்லை. வீடு மண்ணோடு போன நாளிலிருந்து அவள் அழுததே இல்லையாம். டீச்சர் சுரூபத்தைத் தபால்காரர் கையில் திணித்துவிட்டு, அவளருகே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு செபமும் சொல்லவில்லை. தபால்காரரோ மாதாவைச் சேற்றில் வைக்க மனமின்றி ஏந்தியபடியே நின்றார். சாமான் இறக்கும் வேலை செபக் கூட்டத்தின் தலையில் விழுந்தது. ஒரு அரிசி மூட்டையைக் கிழித்தேவிட்டோம்.

எங்கள் கோலத்தைப் பார்த்து அந்தச் சனங்களே கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று மறித்தார்கள். சோறும் பருப்பும் போட்டார்கள், நாங்கள் கொண்டுபோன அதே பருப்பு. இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.