சித்தப்பாவுக்கு வந்த வண்டி

இந்த நகரம் கண்ட இறுதி ஊர்வலங்களிலேயே பெரியது ஒரு மடிக்கணினிக்கு நடந்ததுதான். ஐம்பதாயிரம் பேர் இருபுறமும் நின்றார்கள். சரி, ஐம்பதாயிரம் கொஞ்சம் அதிகம். சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டவர்களையும் பேருந்து நிறுத்தத்தில் கால் கடுக்க நின்றவர்களையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். அவர்களை நீக்கினாலும் ஊர்வலம் ஊர்வலம்தானே!

அதை நடத்தி வைத்தவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவள். அலுவலகமே அவளை ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடும். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, இன்னொரு ஒற்றைப் பிள்ளையான தையல்காரரைக் கட்டிக்கொண்டவள். இரண்டு பக்கமும் அத்தை இல்லை, மாமா இல்லை, சித்தப்பா இல்லை. பயன்படாத உறவுச்சொற்கள் வாயிலேயே தேங்கிக் கிடந்தால் புளித்துப்போகாதா? அவற்றையெல்லாம் அலுவலக இயந்திரங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மூலையை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய பிரிண்டர் பெரியப்பா. காகிதத்தை வாயில் கவ்விக்கொண்டு நாளெல்லாம் முணுமுணுக்கும் நகல் எடுக்கும் இயந்திரம் மாமியார். மின்சாரம் போனால் கைகொடுக்கும் யூபிஎஸ் மச்சான். "ஆபத்துக்கு ஓடி வருவார். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டார்" என்பது அவர் பெயருக்கு அவள் சொன்ன விளக்கம். மேலாளர் எட்டு வருடம் தட்டித் தேய்த்த மடிக்கணினிதான் சித்தப்பா.

அந்தச் சித்தப்பாவுக்கு வயிறு வீங்கிவிட்டது. மூடி சரியாக மூடவில்லை. தட்டும் பலகை அப்பளம்போல் மேலே எழும்பி நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று ஸ்டோர் அக்காவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டில் கைபேசி பேட்டரி ஒன்று இப்படித்தான் உப்பியது. 'வாயுதானே, வெளியே விட்டால் சரியாகிவிடும்' என்று வைத்தியம் பார்க்கப் போனவள், கொண்டை ஊசியால் ஒரு குத்துக் குத்தினாள். தீ குபுக்கென்று கிளம்பி, ஜன்னல் திரையையும் அவளுடைய இடது புருவத்தில் பாதியையும் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. அந்த இடத்தில் முடி மறுபடி முளைக்கவே இல்லை. அன்றிலிருந்து காலையில் பல் துலக்கியதும் பென்சிலால் மிச்சப் புருவத்தை வரைந்துகொள்வாள். அவசரத்தில் வரைந்த நாட்களில் யாரையோ சந்தேகப்படுகிற முகமாக இருக்கும்.

ஆகவே இந்த முறை அவள் குத்தவும் இல்லை, அமுக்கவும் இல்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். நடைபாதையில் தீயணைக்க வைத்திருந்த அகன்ற இரும்பு வாளியில் உலர்ந்த மணல் இருந்தது. அதில் சித்தப்பாவை மெல்லப் படுக்க வைத்து, காகிதக் கட்டுகளுக்கு எட்டாத தூரத்தில், பின்வாசல் சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தாள். ஏற்கெனவே ஓடாமல் கிடந்த பெரியப்பாவும் மச்சானும் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள்.

வேதனை என்னவென்றால், மேலாளர் எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஒரு சுழல் நாற்காலி வருகிறதாம். அவருடைய நாற்காலி உட்காரும்போதெல்லாம் கத்தும். வாடிக்கையாளர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மனிதருக்கு அதில் மானப் பிரச்சினை.

"ஐயா, அவர் எல்லாத்தையும் சுத்தியலால அடிச்சுத்தான் பிரிப்பாரு. சித்தப்பா வயித்துல ஒரு அடி விழுந்தா அவர் கடையே பத்திக்கும்" என்றாள் ஸ்டோர் அக்கா.

"அதெல்லாம் அவர் தொழில். அவருக்குத் தெரியாதா?"

"மின்கழிவுக்குன்னே அனுமதி வாங்கின இடம் இருக்குங்க. வண்டியே அனுப்புவாங்க."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். அது கத்தியது. "அவர் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றார். அதுக்குள்ள உங்க வண்டி வந்தா ஏத்தி விடுங்க. வரலைன்னா அவருக்குத்தான்."

ஸ்டோர் அக்கா வரவேற்பு மேசைக்கு ஓடினாள். அங்கே இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள். இந்த அலுவலகத்தின் உறவுமுறைகளை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஏம்மா, சித்தப்பாவை எடுத்துட்டுப் போகணும். வண்டிக்குச் சொல்லு, சீக்கிரம்!"

"சித்தப்பாவுக்கு என்னாச்சு அக்கா?"

"நேத்தே போயிட்டாரு. வயிறு வேற வீங்கிருச்சு. பின்வாசல்ல மணல்ல படுக்க வச்சிருக்கேன்."

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ... டாக்டர் பார்த்தாரா?"

"டாக்டர் எதுக்கு? மெக்கானிக் பார்த்துட்டாரு. பிழைக்காதுன்னு சொல்லிட்டாரு. அப்படியே பெரியப்பாவையும் மச்சானையும் ஏத்திடலாம். அவங்களும் உள்ளதான் கிடக்காங்க."

"மூணு பேருமா?"

"ஒரே வண்டி போதும். மச்சான் சின்ன உருவம்தான்."

"உங்க... மாமியாராவது நல்லா இருக்காங்களா அக்கா?"

"அவ இன்னும் ஓடிக்கிட்டிருக்கா. நின்னா தலையில ரெண்டு தட்டு தட்டினா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, மச்சானின் பேட்டரி முனைகளில் ஒட்டுநாடா சுற்ற அவள் உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

சாப்பாட்டு நேரம் முடியும்போது வண்டி வந்தது. வெள்ளை வண்டி. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'அமரர் ஊர்தி'.

அலுவலகம் மொத்தமும் எழுந்து நின்றது. வரவேற்புப் பெண் ஏற்கெனவே செய்தியைப் பரப்பியிருந்தாள். அதே சமயம் வாசலில் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்த பழைய சாமான்காரர், வண்டியைப் பார்த்ததும் கைகட்டித் தலைகுனிந்து நின்றார். ஓட்டுநர் இறங்கினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"உடம்பு எங்கே?"

ஸ்டோர் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன் வைத்தாள். ஓட்டுநர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடியும் வாளியைப் பார்த்தார்.

"இதுவா சித்தப்பா?"

"ஆமாங்க. நீங்க கழிவு வண்டி இல்லையா?"

மேலாளருக்கு முகம் சிவந்தது. "போதும் இந்தக் கூத்து! நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று பழைய சாமான்காரரிடம் கத்தினார்.

பழைய சாமான்காரர் வாளியருகே வந்தார். "இது என்ன அக்கா, ஒரே அடி. உள்ள இருக்கறது எல்லாம் தானா வெளிய வந்துரும்."

ஸ்டோர் அக்கா முந்தானையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இடது புருவத்தை அழுத்தித் துடைத்தாள். பென்சில் போயிற்று, புருவமும் போயிற்று. "சின்ன போன் பேட்டரியை ஒரே ஒரு குத்துதாங்க குத்தினேன். இது அதைவிடப் பத்து மடங்கு பெரிசு."

பழைய சாமான்காரருக்குப் புருவம் என்றால் சாதாரணப் புருவமில்லை. மீசைக்கு அண்ணன் மாதிரி அடர்ந்து வளைந்தது. அவர் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சுழல் நாற்காலியைத் திருப்பினார். "எனக்கு வேண்டாம் சார். வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க." நாற்காலி உருண்டு போவதை மேலாளர் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது எடுக்க ஆளில்லை. ஸ்டோர் அக்கா ஓட்டுநரைப் பார்த்தாள். "அண்ணே, வந்தது வந்துட்டீங்க..."

ஓட்டுநர் யோசித்தார். "உயிரில்லாததை ஏத்திட்டுப் போறதுதான் என் வேலை. இதுக்கு உயிர் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ ஏத்துங்க. வெறும் வண்டியா திரும்பினா எனக்கும் நல்லாயில்ல." பிரிண்டரைத் தூக்கும்போது மட்டும் தொழில் பக்தியோடு கேட்டார்: "பெரியப்பாவுக்கு எது தலைப்பக்கம்?"

பெரியப்பா நீட்டிப் படுத்தார். மச்சான் தனியாக ஒரு ஓரத்தில். சித்தப்பா மணல் வாளியோடு, ஆடாமல் இருக்க இரண்டு செங்கல்லுக்கு நடுவே. ஸ்டோர் அக்கா முன் இருக்கையில், பாதிப் புருவத்தோடு. வண்டி மெதுவாகப் போயிற்று, குலுங்கக் கூடாதே! தெருவில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். சிவப்பு விளக்கில் ஒருவர் ஜன்னலருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா?"

"சித்தப்பாங்க."

"வயசானவரா?"

"எட்டு."

அந்த மனிதர் பொங்கிப் பொங்கி அழுத அழுகையில், பின்னால் இருந்த பேருந்தில் பாதிப் பேர் அழுதார்கள்.

மின்கழிவு நிலையத்தில் கையுறையும் கண்ணாடியும் போட்ட ஒருவர் வாளியை வாங்கித் தனி அறைக்குக் கொண்டுபோனார். அவர் கதவைச் சாத்தியதுதான் தாமதம், வானமே பிளந்ததுபோல் ஒரு வெடி! ஏழு தெருவுக்கு ஜன்னல் நொறுங்கியது, ஓட்டுநர் பனைமர உயரத்துக்குப் பறந்தார்—

எழுதியதை நான் இதுவரை படித்துக் காட்டியபோது, எதிரே உட்கார்ந்து புருவம் வரைந்துகொண்டிருந்த ஸ்டோர் அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எங்கே வெடிச்சுது? ஒண்ணுமே ஆகலை. ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே அவ்வளவு பாடுபட்டேன்! அந்த வரியை அடிங்க முதல்ல."